பத்து இடங்கள்

ஜூன் 3, திங்கள்

நடக்க வைக்கத்தான் வந்திருக்கிறேன். வேறு எதற்கும் இல்லை. நடப்பதற்கு ஒருத்தி சென்னையிலிருந்து வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா என்றால், வேண்டும் என்றுதான் ஆய்வு முன்மொழிவின் மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ஆலங்குளத்தில் வாடகை அறையின் சாவியைக் கொடுத்த அம்மாளுக்கு இவ்வளவு விளக்கம் தேவைப்படவில்லை. சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

ஆய்வுக்கான ஊர் இங்கிருந்து பஸ்ஸில், ஆலங்குளத்துக்கும் தென்காசிக்கும் நடுவில். வீட்டுக்கு வீடு பீடி சுற்றும் வேலை. பெண்கள் காலையில் பீடி இலை பரப்பிய சுளகை மடியில் வைத்து உட்கார்ந்தால் மதியச் சோற்றுக்குத்தான் எழுகிறார்கள். சர்க்கரை நோய் உள்ள இருபத்திரண்டு பேரைத் தேர்ந்தெடுத்திருக்கிறோம். பன்னிரண்டு வாரம். ஆளுக்கு ஒரு கைப்பட்டை. அது காலடிகளை எண்ணும். திங்கள்தோறும் நான் என் போனில் எண்களை எடுப்பேன், பேசுவேன், ஊக்கப்படுத்துவேன். உட்கார்ந்தே இருப்பவர்கள் நடப்பவர்களாக மாற வேண்டும். இது என் வழிகாட்டி ரெஜினா மேடத்தின் திட்டம், என் முனைவர் பட்டம்.

பெட்டியிலிருந்து எடுத்து வைத்தவை: பட்டைகள், படிவங்கள், எடைக்கருவி, நைலான் இழை.

கொசுவர்த்தி வாங்க வேண்டும்.

ஜூன் 5, புதன்

தொடக்கப் படிவங்கள் முடிந்தன. பால்வாடியில் பத்து மணிக்கு ஆரம்பித்தேன், பன்னிரண்டரைக்கு எல்லாம் முடிந்தது. எடை, உயரம், இடுப்புச் சுற்றளவு. கடைசியாகப் பாதம்.

பாதச் சோதனைக்குத்தான் அந்த நைலான் இழை, பேனா போன்ற பிடியில் குத்திட்டு நிற்கும். கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் பத்து இடங்களில் அது வளையும்வரை அழுத்த வேண்டும். தொடுவது தெரிந்தால் அவர் சொல்வார். சர்க்கரை முற்றியவர்களுக்குக் கால் மரத்துவிடும். முள் குத்தினாலும் தெரியாது. அப்படிப்பட்டவரை நடைத்திட்டத்தில் சேர்க்கக் கூடாது. முதலில் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பயிற்சியில் இதற்கு மட்டும் அரை நாள் ஒதுக்கினார்கள்.

முதலில் வந்தவர் உலகம்மாள். ஐம்பத்தொரு வயது, வெள்ளைக்கல் மூக்குத்தி. நான் அவர் முன்னால் தரையில் உட்கார்ந்ததும் கால்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார்.

"படிச்ச புள்ள எங் காலத் தொடவா? வேண்டாம் டீச்சர். எனக்குப் பாவம் சேந்துரும்."

வரிசையில் நின்ற மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். அடுத்த தெரு மைமூன், என் காலை என்னைக் கட்டின மாப்பிள்ளையே தொட்டதில்லை, நீ யாரு என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

வற்புறுத்தவில்லை.

படிவங்கள் முழுமையாக உள்ளன. ஆளுக்கொரு அட்டையிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன்.

ஜூன் 6, வியாழன்

பட்டைகள் கொடுத்தாயிற்று.

"வளகாப்பு முடிஞ்சுது. புள்ள யாருக்கு?" மைமூன்தான்.

உலகம்மாளுக்குக் கேள்விகள். தண்ணி பட்டால் கெடுமா, புகையிலைத் தூள் பட்டால் கெடுமா, தொலைந்தால் கவர்மெண்ட் கேட்குமா. பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

நானும் ஒன்று கட்டிக்கொண்டேன். இன்று 3,140.

ஜூன் 17, திங்கள்

முதல் எண்கள். பால்வாடிச் சுவரில் சார்ட் ஒட்டினேன். அதிகம் நடந்தவர் மேலே, குறைந்தவர் கீழே. தன்னைப் போன்றவர்களோடு ஒப்பிட்டுக் காட்டினால் நடத்தை மாறும் என்பது பாடம். பெயர்களைச் சத்தமாகப் படித்தேன்.

மைமூன், நாளுக்குப் பதினோராயிரம். கைதட்டல். கடைசியில் உலகம்மாள், இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம்.

"ஏட்டி உலகு, கக்கூசுக்காவது எந்திரிச்சுப் போவியா மாட்டியா?"

மைமூன் இதைச் சொன்னதும் இருபது பேரும் சிரித்தார்கள். நானும். உலகம்மாளும் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தார். வெளியே வரும்போது என் பக்கத்தில் வந்து, நாளையிலிருந்து நன்றாக நடக்கிறேன், மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள் என்றார்.

என் பட்டையில் 2,600. சார்ட்டில் எனக்கு இடம் இல்லை.

ஜூன் 20, வியாழன்

சாரல் ஆரம்பித்துவிட்டது. துணி காயவில்லை. பட்டையைக் கழற்றி மேசைமேல் வைத்திருக்கிறேன். தோல் அரிக்கிறது.

ஜூன் 24, திங்கள்

உலகம்மாள் மறுபடி கடைசி. 3,800.

சொன்னதை அப்படியே எழுதி வைக்கிறேன்: "உலகம்மாக்கா ஒருத்தங்களாலதான் நம்ம சராசரி கீழ போகுது." லேசாகத்தான் சொன்னேன். சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

திரும்பும்போது பஸ் ஜன்னலிலிருந்து அவரைப் பார்த்தேன். கால்வாய்க் கரையில், தலையில் பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்துக்கொண்டு, தனியாக. பஸ்ஸைத் தவறவிடப்போகிறவர் போன்ற வேகம். பட்டை நனையாமல் இருக்க அந்தக் கையை மட்டும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

எனக்குப் பெருமையாக இருந்தது. குறிப்பேட்டில் எழுதினேன்: ஒப்பீடு வேலை செய்கிறது.

மேடத்துக்கு முதல் அறிக்கை அனுப்பினேன். ஒரே சொல்லில் பதில். அருமை.

ஜூலை 1, திங்கள்

கூட்டம் முடிந்து மைமூன் வீட்டில் டீ. திட்டத்தின் சிறந்த நடையாளர் எப்படி நடக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்ளத்தான் போனேன்.

அவர் பேசிக்கொண்டே பீடி சுற்றினார். இலை, தூள், ஒரு உருட்டு, ஒரு மடிப்பு, நூல், முடிச்சு. கை நிற்கவே இல்லை. அரை மணி நேரம் உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையவில்லை. பட்டையைப் பார்த்தேன். நான் வந்தபோது 6,012. எழும்போது 7,450.

எதற்கு டீச்சர் முகம் மாறுது என்று கேட்டார். சொன்னேன்.

"கை நடந்தா என்ன, கால் நடந்தா என்ன. ஒரே ஒடம்புதான?"

மற்றவர்களுக்கும் இப்படித்தானா என்று கேட்டேன். எல்லாரும் கட்டிக்கொண்டுதான் பீடி சுற்றுகிறார்கள் என்றார். உலகு மட்டும் கழற்றிவிடுவாள். தூள் படும், கவர்மெண்ட் சாமான் கெடும் என்று துணியில் சுற்றிச் சாமி படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டு, நடக்கப் போகும்போது மட்டும் எடுத்துக் கட்டுவாள். டீச்சர் பத்திரமாக வைக்கச் சொன்னாராம்.

இருபத்திரண்டு எண்களில் ஒன்றுதான் உண்மை. அதைத்தான் சுவரின் அடியில் ஒட்டியிருந்தேன்.

டீ ஆறியிருந்தது. குடித்துவிட்டு வந்தேன்.

ஜூலை 2, செவ்வாய்

போகவில்லை. மழை என்று எழுதலாம். மழை இல்லை.

ஜூலை 4, வியாழன்

மேடத்திடம் சொல்லவில்லை. அறிக்கை போய்விட்டது. பதிலாக ஒரு வழி கண்டுபிடித்தேன். பட்டையைக் கையிலிருந்து கணுக்காலுக்கு மாற்றுவது. கால் அசைந்தால்தான் எண்ணும். இதற்கு 'இரண்டாம் கட்டம்' என்று பெயர் வைத்து, எல்லோரையும் பால்வாடிக்கு வரச்சொன்னேன். காரணம் எதையும் விளக்கவில்லை. இதுவரை உலகம்மாள்தான் சரியாகச் செய்தார் என்று எல்லோர் முன்னாலும் ஒரு வாக்கியம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அதற்கு முந்தைய வாக்கியத்தையும், என் சார்ட் தப்பு என்பதையும் சொல்ல வேண்டும்.

இனி கழற்றவே கூடாது என்றேன். குளிக்கும்போதும், தூங்கும்போதும்.

கைக்குச் செய்த பட்டை பலருடைய கணுக்காலுக்கு எட்டவில்லை. மைமூன் ரிப்பன் கட்டினார். சிலர் ஊக்கு குத்தினார்கள். உலகம்மாள் இடுப்பிலிருந்து பீடி நூல் உருண்டையை எடுத்து, பட்டையின் இரண்டு முனைகளையும் சேர்த்து நாலைந்து சுற்று சுற்றி, பல்லால் கடித்து முடிச்சுப் போட்டார்.

"இது அவுராது டீச்சர். ஒரு நாளைக்கு ஆயிரம் முடிச்சுப் போடுத கை."

இறுக்குகிறதா என்று கேட்டேன். கேட்டேன் என்பதையும் எழுதி வைக்கிறேன்.

"ஒண்ணும் தெரியல" என்றார்.

அருமை என்றேன்.

ஜூலை 8, திங்கள்

பட்டியல் படிக்க வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். முடிக்கப்போகும் நேரத்தில் உலகம்மாள் கேட்டார், இந்த வாரம் நான் எத்தனையாவது டீச்சர் என்று.

படித்தேன். உலகம்மாள் 9,400. அடுத்தவர் 4,000. மைமூன் 2,200. அவர், என் பட்டை கெட்டுப்போச்சு, மாத்திக் குடுங்க என்றார்.

கைதட்டச் சொன்னேன். உலகம்மாள் எழுந்து நின்றார். இங்கே எதற்காவது கைதட்டினால் எழுந்து நிற்க வேண்டும் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ஜூலை 15, திங்கள்

மீண்டும் அவர்தான் முதல். 10,200. ஒரு எவர்சில்வர் டம்ளர் பரிசு கொடுத்தேன். பெயர் வெட்டித் தருவீர்களா என்று கேட்டார். ஆலங்குளத்தில் கடை இருக்கிறது, அடுத்த வாரம் செய்து தருகிறேன் என்று திரும்ப வாங்கி வைத்துக்கொண்டேன்.

காலைச் சேலைக்குள் மடக்கித்தான் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஏதோ வாடை. பீடி இலை ஊறிய தண்ணீர் வாடை. இந்த ஊரில் எல்லோரிடமும் இருக்கும்.

நடத்தை மாற்றத்தின் உத்திகள் என்று வகுப்பில் படித்தவை: இலக்கு, சுய கண்காணிப்பு, ஒப்பீடு, பாராட்டு, பரிசு. வெட்கம் அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் ஜூன் மாதம் முழுக்க நான் பயன்படுத்தியது அதைத்தான்.

ஜூலை 22, திங்கள்

உலகம்மாள் வரவில்லை. காய்ச்சல் என்று மைமூன் சொன்னார். வருகைப் பதிவில் காய்ச்சல் என்று எழுதினேன். வீடு நாலு தெரு தள்ளி. எண்களை மேடத்துக்கு அனுப்ப வேண்டியிருந்தது. போகவில்லை.

டம்ளரில் பெயர் வெட்டியாயிற்று. மேசைமேல் இருக்கிறது.

ஜூலை 24, புதன்

அவர் மகள் பொன்செல்வி காலையில் போன் செய்தாள். பெரியாஸ்பத்திரி. பெண்கள் வார்டு, கடைசிக் கட்டில்.

வலது கால். கணுக்காலைச் சுற்றி நூல் தோலுக்குள் இறங்கியிருந்ததாம். ஈரத்திலேயே இருந்து கால் வீங்க, வீங்கிய காலில் நூல் இன்னும் இறுக, சதை அறுந்திருக்கிறது. சீழ் வைத்துக் காய்ச்சல் வந்த பிறகுதான் வீட்டில் காலைப் பார்த்திருக்கிறார்கள். நேற்று நூலை வெட்டி எடுத்தார்கள். கடைசி இரண்டு விரல்களும் கறுத்துவிட்டன. கிருமி மேலே ஏறாமல் நின்றால் விரல்களோடு போகும், இல்லையென்றால் பாதத்தையே எடுக்க வேண்டும், சனிக்கிழமைவரை பார்ப்போம் என்றிருக்கிறார்கள்.

நான் நிற்கும்போது டாக்டர் வந்தார். இவ்வளவு அறுந்தும் வலிக்காமல் இருக்காதே, எத்தனை நாளாகக் கால் மரத்திருக்கிறது, யாராவது சோதித்தார்களா என்று கேட்டார்.

பொன்செல்வி பையிலிருந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்ட அட்டை.

"டீச்சர் எல்லாம் பாத்திருக்காக சார். நல்லாத்தான் இருந்திருக்கு."

அவர் சத்தமாகப் படித்தார். ஜூன் ஐந்து. பாத உணர்வு, இரண்டு காலும், பத்துக்குப் பத்து. ஏழு வாரத்தில் பத்து பூஜ்யம் ஆகாதே என்று தனக்குத்தானே சொன்னார். யார் பார்த்தது என்று கேட்டார்.

பொன்செல்வி என்னைப் பார்த்தாள்.

போன் வந்ததுபோல் எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விட்டேன்.

ஜூலை 25, வியாழன்

அவர்கள் மறுத்தார்கள் என்று எழுதியிருக்கிறேன். முன்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். 'வற்புறுத்தவில்லை.' மரியாதை போலத் தெரிகிறது.

நடந்தது இது. உலகம்மாள் காலை இழுத்துக்கொண்டபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. வெடித்த குதிகால், நகத்தில் சேறு, புகையிலை வாடை. நாற்பத்து நாலு கால்கள். அவர்கள் பாவம் என்று சொன்னதை நான் அனுமதியாக எடுத்துக்கொண்டேன். இன்னும் ஒரு முறை கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். எல்லாவற்றையும் கொடுத்தார்கள்.

இழைப் பெட்டியின் மேலுறை இன்னும் பிரிக்கப்படவில்லை. இருபத்திரண்டு படிவங்களில் நானூற்று நாற்பது இடங்கள். ஒன்றைக்கூடத் தொடவில்லை. சிலருக்கு ஒன்பது என்று போட்டேன், நம்பும்படியாக இருக்க. அதை எழுதும்போது மட்டும் யோசித்தேன்.

ஜூலை 27, சனி

இரண்டு விரல்களையும் எடுத்துவிட்டார்கள். பாதம் இருக்கிறது. கிருமி ஏறவில்லை என்று பொன்செல்வி போனில் சொன்னாள். நீங்க வேண்டிக்கிட்டிய போல டீச்சர் என்றாள்.

ஜூலை 29, திங்கள்

கூட்டம் நடத்தவில்லை. பால்வாடிச் சுவரிலிருந்து சார்ட்டைக் கிழித்தேன். பசை நன்றாக ஒட்டியிருந்தது. உலகம்மாள் பெயர் இருந்த அடிப்பகுதி வரவில்லை. தண்ணீர் தொட்டுச் சுரண்டினேன்.

பிறகு மேடத்துக்குப் போன் செய்தேன். பட்டைகள் கை அசைவை எண்ணியதை முதலில் சொன்னேன். பிறகு பாதத்தைச் சொன்னேன்.

"எல்லாப் படிவமுமா?"

"எல்லாமும் மேடம்."

எழுத்தில் அனுப்பு என்றார். நெறிமுறைக் குழுவுக்குப் போகும், திட்டம் இன்றோடு நிற்கும், உன் பட்டம் என்னாகும் என்று எனக்குத் தெரியாது என்றார். குரலை உயர்த்தவில்லை. போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன்.

"சுகிர்தா. மத்த இருபத்தொரு பேரோட காலையும் இந்த வாரமே பாரு. ஆய்வுக்காக இல்ல."

எழுதி அனுப்பினேன். முதல் வாக்கியத்தை மூன்று முறை மாற்றினேன். மூன்று முறையும் 'நான்' என்ற சொல் தானாகவே எங்கோ பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது. நான்காவது முறை அதிலேயே ஆரம்பித்தேன்.

ஜூலை 31, புதன்

பார்வை நேரம் பதினொன்றிலிருந்து ஒன்று. இழைப் பெட்டியோடும் ஒரு படிவத்தோடும் டம்ளரையும் எடுத்துப் போனேன். பிறகு கொடுக்கக் கூசிப் பையிலேயே வைத்திருந்தேன்.

முதலில் டாக்டரிடம் போனேன். அந்த அட்டையில் இருப்பது நான் பார்த்து எழுதியது இல்லை என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அட்டையை வாங்கிக் கோப்பில் சேர்த்துக்கொண்டார். கட்டிலில் இருப்பவரிடம் சொல்லிவிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

உலகம்மாள் தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். வலது பாதம் கட்டுக்குள். பொன்செல்வி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரிடமும் சொன்னேன். அன்றைக்கு உங்கள் காலை நான் தொடவே இல்லை, தொட்டதாக எழுதினேன். தொட்டிருந்தால் உங்களை நடக்கவிட்டிருக்க மாட்டேன், நூலைக் கட்டவிட்டிருக்க மாட்டேன். ஜூன் மாதத்தில் உண்மையாக நடந்தது நீங்கள் ஒருவர்தான், அது தெரிந்தும் சொல்லாமல் இருந்தேன்.

பொன்செல்வி கஞ்சியை ஸ்டூலில் வைத்தாள். ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். என்னைத் தாண்டிப் போகும்போது சேலை என்மேல் படாமல் ஒதுக்கிக்கொண்டாள்.

உலகம்மாள் போர்வையைக் கட்டுப் போட்ட காலின்மேல் இழுத்துவிட்டார்.

"நாந்தான தொட விடல."

இல்லை என்றேன்.

"நூலும் நாங் கட்டுனதுதான. நீங்க ரிப்பன்தான சொன்னிய."

நான் ரிப்பன் என்றும் சொல்லவில்லை. அதையும் சொன்னேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு வேறு ஒரு கவலை இருந்தது. கேட்கலாமா வேண்டாமா என்று சேலை நுனியை மடித்துக்கொண்டிருந்தார்.

"லிஸ்டுலேருந்து எம் பேர எடுத்துராதிய டீச்சர். ரெண்டு வாரம் மொத ஆளா வந்திருக்கேன்."

டம்ளரை எடுத்துக் கொடுத்தேன். பெயரை விரலால் தடவிப் பார்த்தார். எழுத்து எடுப்பாக இருக்கிறது என்றார். கஞ்சியை அதில் ஊற்றித் தரச் சொன்னார்.

அவர் குடித்து முடித்ததும், இடது காலைப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். தரையில் உட்கார்ந்தேன். அவர் காலை இழுக்கப் போனார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, தானே கட்டிலுக்கு வெளியே நீட்டினார். குதிகாலை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டேன். நினைத்ததைவிடக் கனமாக, குளிர்ந்து இருந்தது. இழையின் உறையைப் பல்லால் பிரித்தேன்.

கண்ணை மூடிக்கொள்ளுங்கள், தொடுவது தெரிந்தால் சொல்லுங்கள் என்றேன்.

இறுக மூடிக்கொண்டார்.

"ம்" என்றார்.

நான் இன்னும் இழையை அருகில் கொண்டுபோகவில்லை.

கட்டைவிரலில் அழுத்தினேன். இழை வளைந்தது. அவர் காத்துக்கொண்டிருந்தார். இழையை எடுத்த பிறகு, தாமதமாகிவிட்டதோ என்பதுபோல், "ம், தெரியுது" என்றார். நடுவிரலுக்குப் போகும் முன்பே ஒரு "ம்". குதிகாலில் வைத்தபோது ஒன்றும் இல்லை. எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தபோது இரண்டு.

"எல்லாஞ் சரியா டீச்சர்?" கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

இல்லக்கா என்றேன். இந்தக் காலும் மரத்திருக்கு.

பத்துக் கட்டங்களிலும் 'இல்லை' என்று எழுதினேன். தேதி போட்டேன். கையெழுத்துப் போட்டேன். நர்சிடம் ஒரு நகல் கொடுத்தேன். வெளியே குழாயடியில் பொன்செல்வி நின்றிருந்தாள், அவளிடமும் காட்டினேன். அவள் வாங்கவில்லை, ஆனால் படித்தாள். ஒன்றரை மணி பஸ்ஸில் ஊருக்குத் திரும்பி, பால்வாடி நிறுத்தத்தில் இறங்கி, இழைப் பெட்டியோடு மைமூன் வீட்டுக்குப் போனேன்.